உஷார்! ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்

கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறீர்களா? ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முதலில் இதைப் படித்துவிடுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காளையார்கோவிலில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளியிருக்கும் தம்பி தன் பழைய ஆல்ட்டோவின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்தான். காம்பவுண்டுக்குள் தரை முழுக்கச் செம்மண். முந்தின ராத்திரி பெய்த கோடை மழையில் மண் இளகிக் கிடந்தது. ஜாக்கி மண்ணில் புதைகிறது என்று அடியில் ஒரு ஹாலோ பிளாக்கைப் போட்டு அதன் மேல் ஜாக்கியை நிறுத்தியிருந்தான். டிக்கியில் ஸ்டெப்னியோடு கிடக்குமே, கம்பெனி கொடுத்த ஸ்க்ரூ ஜாக்கி, அதுதான். கை போக இடம் வேண்டுமென்று இடது முன் சக்கரத்தையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டான்.

நான் கேட்டுக்கு வெளியே நின்று, "தம்பி, ஸ்டாண்டு ஏதும் வைக்கலியா?" என்று கேட்டேன். வண்டிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "அஞ்சு நிமிசம்ண்ணே. நட்டைக் கழட்டி வடிய விட்டுட்டு வந்துடுவேன்."

நட்டு அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயைச் சொருகி இழுத்தால் வந்துவிடும் என்று, மோட்டார் கொட்டகையில் கிடந்த இரும்புக் குழாயை எடுக்க ஊர்ந்து வெளியே வந்தான். நாலு எட்டுதான் போயிருப்பான். சிதறுதேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். பிளாக் நொறுங்கி, ஜாக்கி சாய்ந்து, வண்டி இறங்கிவிட்டது. சக்கரம் இல்லாத பக்கம் பிரேக் தட்டு மண்ணில் குத்தி நின்றது. ஆயில் பிடிக்க வைத்திருந்த நீலப் பிளாஸ்டிக் பேசின், அவன் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த பேசின், தட்டையாகிக் கிடந்தது.

அவனுடைய அப்பத்தா ஓடிவந்து கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவன் நெற்றியில் திருநீறு பூசினார். அவனால் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி ஆடியது. அந்தப் பேசினை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கியர் ஆயில் மாற்றுவது பார்வைக்குச் சின்ன வேலை. கீழே ஒரு நட்டு, பக்கவாட்டில் ஒரு நட்டு. கீழ் நட்டைத் திறந்து பழசை வடிக்கிறோம், பக்க நட்டு வழியே புதுசை ஊற்றுகிறோம். ஃபில்டர்கூடக் கிடையாது. இன்ஜின் ஆயிலைத் தானே மாற்றிப் பழகியவருக்கு இதிலென்ன என்றுதான் தோன்றும். இந்தத் தைரியம்தான் ஆபத்து. இன்ஜின் ஆயில் நட்டைப் பல வண்டிகளில் எட்டிக் கழற்றிவிடலாம். கியர் பெட்டி நட்டு அப்படியில்லை. பல வருஷம் யாரும் தொடாமல் இறுகிக் கிடக்கும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பலம்கொண்டு இழுக்க வேண்டியிருக்கும். ஒற்றை ஜாக்கியில் நிற்கும் வண்டியைப் பக்கவாட்டில் உலுக்கினால் என்ன ஆகும்? வண்டி சரிவதற்கு அதைவிட வேறு காரணமே வேண்டாம்.

ஸ்க்ரூ ஜாக்கி பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்கு மட்டுமே செய்யப்பட்டது. அதன் அடித்தட்டு உள்ளங்கை அகலம்கூட இருக்காது. வண்டிக் கையேட்டிலேயே, ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். ஹைட்ராலிக் ஜாக்கி என்றாலும் இதே கதைதான். உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருந்தால் ஆயில் மெல்லக் கசிந்து, நீங்கள் அடியில் இருக்கும்போதே இறங்கும். தூக்குவதோடு ஜாக்கியின் வேலை முடிந்தது. தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும்.

ஸ்டாண்டு இல்லை, செங்கல் அடுக்கிக்கொள்கிறேன் என்பவர்கள் நம் பக்கம் அதிகம். எங்கள் ஊர்ப் பெரிய கோபுரத்துக்கு மானாமதுரையிலிருந்து ஆள் வரிசை நின்று கைமாற்றிக் கைமாற்றிச் செங்கல் வந்தது என்று சொல்வார்கள். மருது பாண்டியர் கட்டியது, இருநூறு வருஷம் தாண்டி நிற்கிறது. சுண்ணாம்புச் சாந்து பூசி, பாரம் நேர்கீழாக இறங்கும்படி கொத்தனார் வரிசை பிடித்து வைத்த செங்கல் அது. நீங்கள் காம்பவுண்டு ஓரத்திலிருந்து பொறுக்கி, சாந்தில்லாமல் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் கல்லில் வண்டியின் பாரம் ஒரே புள்ளியில் குத்தி இறங்கும். ஹாலோ பிளாக் இன்னும் மோசம். உள்ளே காலி. விரிசல் விட்டு எச்சரிக்கை தராது, ஒரே நொடியில் பொடியாகும். ஆல்ட்டோ மாதிரிச் சின்ன வண்டியே சுமார் 700 கிலோ எடை இருக்கும். அதிலும் இன்ஜினும் கியர் பெட்டியும் முன்னால் இருப்பதால் பாதிக்கு மேல் பாரம் முன்பக்கத்தில்தான். நீங்கள் படுத்திருப்பதும் அங்கேதான்.

ஆகவே, வீட்டில் செய்வதாக இருந்தால் தரை சிமென்டுத் தரையாக இருக்க வேண்டும். செம்மண்ணிலோ சரளையிலோ வேண்டவே வேண்டாம். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அண்டை கொடுங்கள். நல்ல மரக்கட்டையாக, உருளாத மாதிரி. ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். பல கார்களில் அது பின் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடியும் போய்விட்டது. ஸ்டாண்டை வண்டிக் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் கொடுங்கள். தகட்டில் கொடுத்தால் உள்ளே அமுங்கும். ஸ்டாண்டில் இறக்கியதும் வெளியே நின்றபடியே வண்டியைக் கையால் நன்றாக உலுக்கிப் பாருங்கள். விழுவதென்றால் அப்போதே விழட்டும்.

ஸ்டாண்டு வைத்தாலும் அதோடு விடாதீர்கள். 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் என்ற கடைத்தொடர், தான் விற்ற ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற வேண்டியிருந்தது. உயரத்தைப் பிடித்து நிறுத்தும் பல்வரிசை நழுவி ஸ்டாண்டு திடீரென்று இறங்கிவிடும் அபாயம் இருந்தது. ஆகவே குறுக்கே ஆணி சொருகும் வகை ஸ்டாண்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கழற்றிய சக்கரத்தைச் சுவரில் சாய்க்காமல் படுக்கை வசத்தில் வண்டியின் பக்கச் சட்டத்துக்கு அடியில் தள்ளி வையுங்கள். ஸ்டெப்னியையும் மறுபக்கம் தள்ளுங்கள். எல்லாம் கைவிட்டாலும் ஓர் ஆள் மூச்சுவிடும் இடைவெளியை அந்தச் சக்கரம் தரும். அன்றைக்கு அந்தத் தம்பி இதையும்தான் செய்யாமல் விட்டான். காசு செலவில்லாத காரியம்.

தனியாக இருக்கும்போது இந்த வேலையைத் தொடாதீர்கள். வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு, அவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது செய்யுங்கள். சாவியைக் கழற்றி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவி வண்டியிலேயே இருந்தால் குழந்தைகள் ஏறித் திருகிவிடுவார்கள். கியரில் நிற்கும் பழைய வண்டி, கிளட்ச் அழுத்தாமலே சாவி திருகிய வேகத்தில் துள்ளும்.

அப்படியும் யாராவது அடியில் மாட்டிக்கொண்டால், பதறி வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளாதீர்கள். கூச்சல் போட்டுத் தெருவில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, எல்லோரும் ஒரே சமயத்தில் தூக்குங்கள். வேறொரு ஜாக்கி இருந்தால் அதையும் கொடுங்கள். இன்னொருவர் அதே நேரத்தில் 108-ஐ அழைக்கட்டும். நெஞ்சு நசுங்கினால் மூச்சு நிற்க நிமிடங்கள்தான் ஆகும். எங்கள் ஊரிலிருந்து சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 18 கிலோமீட்டருக்குக் குறையாது. அந்தத் தூரத்தை நினைத்துப் பாருங்கள்.

இத்தனை பாடும் வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. மெயின் ரோட்டில் வாட்டர் சர்வீஸ் கடைகளில் பள்ளமோ ரேம்போ இருக்கும். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டால், சின்னத் தொகைக்கு அரைமணி நேரம் விடுவார்கள். நாலு சக்கரமும் நிற்க, ஜாக்கியே இல்லாமல், நின்றபடி வேலை செய்யலாம். என் யோசனை இதுதான். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

உயிர் பிழைத்தோம். இனி வண்டி பிழைக்க வேண்டும்.

முதலில் எந்த நட்டைத் திறப்பது? எல்லோரும் கீழ் நட்டைத்தான் திறப்பார்கள். கூடாது. முதலில் ஊற்றும் நட்டு. அது திறந்தால்தான் வடிக்கும் நட்டைத் தொட வேண்டும். கொல்லங்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்த மச்சான் ஒருவர் கீழ் நட்டைக் கழற்றிப் பழைய ஆயில் முழுவதையும் வடித்துவிட்டார். அப்புறம் ஊற்றும் நட்டைத் திருகினால் அசைவேனா என்கிறது. சரியில்லாத ஸ்பேனரைப் போட்டுத் திருகித் திருகி நட்டின் மூலைகள் மழுங்கிவிட்டன. ஸ்பேனர் வழுக்குகிறது. கியர் பெட்டியில் ஒரு சொட்டு ஆயில் இல்லை, ஊற்ற வழியும் இல்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகவும் முடியாது. கடைசியில் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து, அந்த நட்டின் மேல் வேறொரு நட்டை வெல்டிங் வைத்து எடுத்தார்கள். நல்லவேளை, அலுமினியக் கூடு பிளக்கவில்லை.

அந்தக் கூடு அலுமினியம் என்பதை மறக்கவே கூடாது. நட்டு இரும்பு, மரை அலுமினியம். இரும்பு ஜெயிக்கும். முறுக்கி முறுக்கி மரை அறுந்துவிட்டால் செலவு ஆயில் விலையில் நிற்காது. நட்டுத் தலையின் வடிவம் வண்டிக்கு வண்டி மாறும். சிலதில் ஆறுகோணம், சிலதில் உள்பக்கம் குழிந்த சதுரம். சரியாகப் பொருந்தும் சாக்கெட் கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். திரும்ப மாட்டும்போது புது வாஷர் போடுங்கள். சில வண்டிகளில் வாஷருக்குப் பதில் சீலன்ட் தடவச் சொல்வார்கள். கையால் கடைசிவரை திருகி, மரை நேராக ஏறுகிறதென்று உறுதியான பிறகே ஸ்பேனர். எத்தனை முறுக்கு என்பது கையேட்டில் இருக்கிறது. டார்க் ரெஞ்ச் இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பெரிய தவறு, நட்டு மாறிப்போவது. முன் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் இன்ஜினும் கியர் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் குறுக்காக உட்கார்ந்திருக்கும். அடியிலிருந்து மல்லாந்து பார்த்தால் இரண்டு நட்டும் ஒரே மாதிரி தெரியும். கியர் நட்டு என்று நினைத்து இன்ஜின் ஆயிலை வடித்துவிடுவார்கள். பிறகு கியர் பெட்டியில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஆயிலின் மேல் இன்னும் இரண்டு லிட்டர் ஊற்ற முயல்வார்கள். பக்க நட்டு வழியே உடனே வழிந்தால் பிழைத்தீர்கள். சில வண்டிகளில் ஊற்றும் வழி மேலே இருக்கும், அதில் ஊற்றினால் வழியாது, உள்ளேயே போய்விடும். அடுத்து ஸ்டார்ட் செய்வார்கள். இன்ஜினில் ஆயில் இல்லை. சில நிமிடம் ஓடினாலே பேரிங் எரிந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும். வடிவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இன்ஜின் ஆயில் கருப்பாக, தண்ணீர் மாதிரி ஓடும். கியர் ஆயில் அந்த அளவு கருக்காது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் கந்தக நெடி அடிக்கும். அந்த நெடி வராமல் கருப்பாக ஓடினால் உடனே நட்டை மூடுங்கள்.

அந்தக் கந்தகம் எதற்கு என்று தெரிந்துகொண்டால்தான் அடுத்த ஆபத்து புரியும். பல் சக்கரங்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் ஆயில் படலம் கிழியும். அப்போது இரும்போடு இரும்பு ஒட்டாமல் காப்பது கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம். எந்த அளவுக்குக் கலந்திருக்கிறது என்பதைத்தான் டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருப்பார்கள். ஐந்து பெரிய எண், ஆகவே உசத்தி என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். நாமும் வாங்கி வந்துவிடுவோம். கார் கியர் பெட்டிகள் பெரும்பாலும் ஜிஎல்-4 கேட்பவை. ஜிஎல்-5 முக்கியமாகப் பின் அச்சில் இருக்கும் கிரவுனுக்கு உரியது. பொலிரோ, சுமோ மாதிரிப் பின் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் தனியாகப் பெரிய உருண்டை தொங்குமே, அதற்கு.

கியர் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. சின்க்ரோ ரிங் என்பார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் தொண்டி சாலையில் ஓடிய பஸ்களை நினைத்துப் பாருங்கள். டிரைவர் ஒரு கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை மிதிப்பார், நடுவில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டுவார். டபுள் கிளட்ச். சுற்றும் சக்கரங்களின் வேகத்தைக் காதால் கேட்டே சமப்படுத்தினார்கள் அந்த மனிதர்கள். 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் வந்த சின்க்ரோமெஷ், டிரைவர் காலால் செய்த அந்த வேலையை ஒரு வளையத்திடம் கொடுத்தது. வளையம் தன் சரிவான முகத்தால் கியரை லேசாக உரசிப் பிடிக்கிறது. வேகம் சமமானதும் கியர் வழுக்கிக்கொண்டு விழுகிறது.

உரசிப் பிடித்தால்தான் வேலை நடக்கும். சிவகங்கைப் பக்கத்தில் கிராஃபைட் தோண்டி எடுக்கிறார்கள், தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் சுரங்கமே இருக்கிறது. பென்சில் முனையில் இருப்பதும் அதுதான். அதைத் தேய்த்து விரலால் தடவிப் பாருங்கள், வழுக்கும். அந்த வழுக்கல் பூட்டுக்கு நல்லது, கீலுக்கு நல்லது. கியர் பெட்டிக்குள் மட்டும் அப்படி எதையும் கொட்டக் கூடாது. கியர் மென்மையாக விழும் என்று கடையில் தனியாக விற்கும் சேர்மானங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் கியரைப் பிடிக்காது, இரண்டாவது கியரில் கறகறவென்று அரைபடும். பொருந்தாத ஜிஎல்-5 ஆயிலில் இந்தத் தொல்லை வரும். போதாததற்கு, சேர்மானம் வீரியமாக இருந்தால் கந்தகம் பித்தளையையே அரிக்கும். இரண்டுக்கும் ஆகும் என்று அச்சிட்டு வரும் ஆயில்களும் உண்டு. உங்கள் கையேடு ஏற்றுக்கொண்டால் ஊற்றுங்கள். கடைக்காரர் ஏற்றுக்கொண்டால் போதாது.

கெட்டி எண்ணிலும் குழப்பம் இருக்கிறது. 75டபிள்யூ-90 என்று பார்த்ததும் இன்ஜின் ஆயிலை விட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்கிறார்கள். கியர் ஆயிலின் அளவுகோல் வேறு, இன்ஜின் ஆயிலின் அளவுகோல் வேறு. கியர் 90 என்பது இன்ஜின் ஆயிலில் சுமார் 40, 50 அளவுக் கெட்டிதான். ஆகவே, நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியாகவே இருக்கட்டும் என்று 75டபிள்யூ-80 கேட்கும் வண்டிக்கு 140 ஊற்றாதீர்கள். காலையில் முதல் கியர் போட இரண்டு கை வேண்டியிருக்கும்.

ஏஎம்டி வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். 2014இல் மாருதி செலேரியோ வந்ததிலிருந்து கிளட்ச் பெடல் இல்லாத சின்னக் கார்கள் நம் பக்கமும் பெருகிவிட்டன. கிளட்ச் இல்லை, ஆகவே ஆட்டோமேட்டிக், ஆகவே ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு உரிய சிவப்பு நிற ஏடிஎஃப் ஊற்ற வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். தப்பு. அதற்குள் இருப்பது அதே பல் சக்கர மேனுவல் கியர் பெட்டிதான். மனிதக் கைக்குப் பதில் ஒரு கருவி கியர் போடுகிறது. பெட்டிக்குக் கியர் ஆயில். பல வண்டிகளில் கருவிக்குத் தனியாக வேறு ஆயில். அந்தக் கருவியின் ஆயிலை வீட்டில் தொடவே தொடாதீர்கள். நேர்மாறாக, மேனுவல் வண்டிக்கென்றே தனித் திரவம் கேட்கும் கம்பெனிகளும் உண்டு, ஹோண்டா ஓர் உதாரணம். பக்கத்து வீட்டு வண்டிக்கு ஊற்றியது உங்கள் வண்டிக்கு ஆகும் என்று எந்த விதியும் இல்லை.

எல்லாவற்றையும் விடக் கொடிய தவறு ஒன்று இருக்கிறது. பானட்டைத் திறந்தால் மேலேயே ஒரு சின்ன வெள்ளை டப்பா தெரியும். அடியில் படுக்கச் சோம்பல்பட்டு, இதுதான் கியர் ஆயில் ஊற்றும் இடம் என்று அதில் ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். அது பிரேக் ஆயில் டப்பா. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் கிளட்சுக்கும் அதே டப்பாதான், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கியர் ஆயில் பட்டால் பிரேக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப் பெருக்கும். உடனே தெரியாது. ஒரு நாள் தொண்டி சாலையில் எதிரே டேங்கர் வரும்போது பெடல் சரியாக வேலை செய்யாது, அல்லது மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். கொஞ்சமே ஊற்றிவிட்டேன், உறிஞ்சி எடுத்துவிட்டேன் என்று சமாதானம் ஆகாதீர்கள். ஸ்டார்ட் செய்யாதீர்கள், பெடலை மிதிக்காதீர்கள். வண்டியை ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். பிரேக் வரிசையில் ரப்பர் உள்ளதெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவைப் பார்த்துத் தயங்கினால் அடுத்த பலி உங்கள் வீட்டு ஆளாக இருக்கலாம், எதிரே சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கலாம்.

ஆயிலை சீல் வைத்த டப்பாவில் வாங்குங்கள். பேரலிலிருந்து அளந்து ஊற்றும் சில்லறை ஆயில் கியர் பெட்டிக்கு வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஊற்றிக் கொடுப்பவருக்கே தெரியாது. பில் வாங்குங்கள். காலி டப்பாவை அப்படியே பழைய சாமான் கடைக்குப் போடாமல், கத்தியால் குறுக்கே கிழித்துவிட்டுப் போடுங்கள். போலி ஆயில் நிரப்புகிறவன் தேடுவது உங்கள் நல்ல டப்பாவைத்தான்.

பள்ளத்துக்குப் போங்கள் என்றதற்கு இன்னொரு காரணம் இருப்பதாகச் சொன்னேனே, அது இதுதான். பக்க நட்டு வழியே ஊற்றும் வண்டிகளில், ஓட்டை விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கினால் அளவு சரி என்று கணக்கு. வண்டி சமமாக நின்றால்தான் அந்தக் கணக்கு செல்லும். முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்து ஊற்றினால் சாய்வில் அளவு பொய்யாகும். குறைந்தால் முதலில் சாவது பெரும்பாலும் ஐந்தாவது கியர். பல சின்னக் கார்களில் அது பெட்டியின் ஓரத்தில், தனி மூடிக்குள் இருக்கிறது. ஆயில் மட்டம் இறங்கினால் அங்கேதான் எட்டாது. மதுரைக்கு ஓட்டும்போது ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கும், அப்போது காலம் கடந்துவிட்டது. கூடினாலும் கேடு. ஆயில் நுரைக்கும், சீலைத் தள்ளிக்கொண்டு கசியும், கிளட்ச் பிளேட்டில் பட்டால் வண்டி இழுக்காது. எவ்வளவு ஊற்ற வேண்டும் என்ற அளவைக் கையேட்டில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, வடிந்த பழைய ஆயிலையும் அளந்து பாருங்கள். மிகக் குறைவாக வடிந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

வடிக்கும் நட்டின் முனையில் பல வண்டிகளில் காந்தம் இருக்கும். அதில் மை போலச் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள், சாதாரணத் தேய்மானம். துடைத்துவிட்டு மாட்டலாம். விரலில் நெருடும் சில்லு, பல்லின் உடைந்த முனை கிடைத்தால் அதைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு நேரே மெக்கானிக்கிடம் போங்கள். புது ஆயில் அந்த நோயைத் தீர்க்காது.

வேலைக்கு முன் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றச் சொல்வார்கள், நன்றாக வடியும் என்று. சரிதான். ஆனால் சைலன்சர் குழாய் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். கை தாங்கும் சூட்டுக்கு இறங்கும்வரை பொறுத்திருங்கள். கையுறை போடுங்கள். ஆயில் ஊறிய துணியோடு சமையலறைக்குள் போகாதீர்கள்.

பழைய ஆயில் என்ன ஆகிறது? நம் பக்கத்தில் அதை வீணாக்க மாட்டார்கள். கரையான் அரிக்காமலிருக்க நிலைக்கதவிலும் வேலிக்காலிலும் பூசுவார்கள். மாட்டுப் புண்ணில்கூடத் தடவுவதைப் பார்த்திருக்கிறேன். மாடு நக்கும், புண் வழியே உள்ளேயும் போகும். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள். வாய்க்காலில் கொட்டுவதைச் சொல்லவே வேண்டாம். ஒரு மழை போதும், அத்தனையும் ஊரணிக்குப் போய்ச் சேரும். காவிரியும் வைகையும் எட்டாத தெருக்களில் ஊரணியும் போர்த் தண்ணீரும்தானே நமக்குக் கதி? பழைய ஆயிலை 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அரசு அபாயக் கழிவாகவே வைத்திருக்கிறது. சர்வீஸ் ஸ்டேஷன்களில் பேரல் வைத்துச் சேர்ப்பார்கள், அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கொண்டுபோகும்வரை தண்ணீர் பாட்டிலிலோ எண்ணெய் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். மிச்சமான புது கியர் ஆயில் நிறத்தில் நல்லெண்ணெய் மாதிரியே இருக்கும். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஆயில் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்தத் தம்பி மறுவாரமே ஆயில் மாற்றினான். மெயின் ரோட்டில் ஒரு வாட்டர் சர்வீஸ் பள்ளத்தில், நானும் கூட நின்றேன். ஊற்றும் நட்டை முதலில் திறந்தான். 

நான் இப்போது இரண்டு ஸ்டாண்டு வாங்கி வைத்திருக்கிறேன், ஆணி சொருகும் வகை. திண்ணைக்கு அடியில் சாக்குப் போட்டு மூடியிருக்கிறது. நான் வீட்டில் இல்லாவிட்டாலும் கேட்டுக்குள் கையை விட்டுத் தாழைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தெருவில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.